கேம்ப் எப்போது குடியாகும்?

கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகும் பேருந்து கூடலூரைத் தாண்டியதும் காற்று மாறும். திராட்சைப் பந்தல்களும் வயல்களும் பின்தங்கிவிட, எதிரே மலை மதில்போல எழுந்து நிற்கும். அந்த மதிலில் மேலிருந்து கீழாக நான்கு பெரிய இரும்புக் குழாய்கள் இறங்குகின்றன. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்திருக்க வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர், 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் திசை திரும்பி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. 1950களின் இறுதியிலிருந்து, கீழே விழும் வேகத்தில் மின்சாரத்தையும் கொடுத்துவிட்டுப் போகிறது. குழாய்களின் காலடியில் மின் நிலையம், அதைச் சுற்றிக் குடியிருப்புகள், ஒரு பேருந்து நிறுத்தம். நடத்துநர் ‘கேம்ப் எல்லாம் இறங்கு’ என்று குரல் கொடுப்பார்.

ஊரின் பெயரே லோயர் கேம்ப். கீழ்முகாம். முகாம் என்றால் வேலை முடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற இடம். இந்த முகாமோ கிளம்பவே இல்லை. ரேஷன் கார்டில் முகவரியாகி, பள்ளிச் சான்றிதழில் பிறந்த ஊராகி, நிலைத்துவிட்டது.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, காட்டை ஒட்டி இன்னொரு சிற்றூர் இருக்கிறது: பளியன்குடி. பளியர் பழங்குடியினர் வாழும் இடம். அதன் பெயரில் இருப்பது கேம்ப் இல்லை, குடி. தமிழில் இந்தச் சொல்லுக்குத்தான் எத்தனை கிளைகள்! குடியேறுகிறோம், குடியிருக்கிறோம், குடித்தனம் நடத்துகிறோம், குடிக்கூலி கொடுக்கிறோம், குடிபெயர்கிறோம். இவற்றில் சுவரோ கூரையோ எங்கும் வரவில்லை. ஓர் ஆள் வருவதும் தங்குவதும் போவதும்தான் வருகின்றன.

வீடற்ற ஒருவருக்கு வீடு கிடைக்கச் செய்வது ஒரு வேலை. அவர் அதில் குடியிருக்கும்படி செய்வது முற்றிலும் வேறு வேலை. முதல் வேலைக்குப் பொறியாளரும் பணமும் போதும். இரண்டாவது வேலைக்கு என்ன வேண்டும்? கடந்த சில பத்தாண்டுகளில் பொருளியலாளர்களும் உளவியலாளர்களும் மானிடவியலாளர்களும் கண்டுபிடித்தவற்றை, இந்த இரண்டு ஊர்ப் பெயர்களுக்கும் நடுவே நின்று பார்த்தால் எளிதில் விளங்கும்.

ஓர் இரவுக் கணக்கு

2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு, நாடு முழுவதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் நடைமேடைகளுக்கும் கோயில் மண்டபங்களுக்கும் பாலத்தடிகளுக்கும் போனார்கள். வீடற்றவர்களை எண்ணும் இரவு அது. பகலில் அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். இரவில்தான் ஓரிடத்தில் இருப்பார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. அன்று எண்ணியதில் கிடைத்த தொகை சுமார் 17.7 லட்சம்.

அந்த எண் எப்படிப் பிறந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கணக்கெடுப்பின் பார்வையில் கூரையுள்ள கட்டடத்தில் வசிக்காதவரே வீடற்றவர். சாலையோரத்திலும் பெரிய சிமெண்ட் குழாய்க்குள்ளும் படுப்பவர் அந்தப் பட்டியலில் வருவார். ஒழுகும் குடிசையில் பத்துப் பேரோடு முடங்கிக் கிடப்பவர் வரமாட்டார். பின்லாந்து நாட்டில், வேறு வழியில்லாமல் நண்பர் வீட்டில் ஒண்டியிருப்பவரையும் வீடற்றவர் கணக்கில் சேர்க்கிறார்கள். ஆக, வீடின்மை என்பது மழையைப் போல நேரடியாக அளந்துவிடக்கூடியது இல்லை. எதை வீடு என்கிறோமோ அதைப் பொறுத்து எண் மாறும்.

மலையில் வாழ்ந்த பளியரை அந்த அளவுகோல் எப்படி அளக்கும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட குறிப்புகளே அவர்களைக் குகைகளிலும் பாறை இடுக்குகளிலும் இலைக்குடில்களிலும் வாழ்ந்தவர்களாகக் காட்டுகின்றன. பாறைக் குகையை இந்தப் பக்கத்தில் பொடவு என்பார்கள். காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டுவதும் தேன் எடுப்பதும் அவர்களது பிழைப்பு. கிழங்கு தீர்ந்தால் அடுத்த சரிவு. தேன் காலம் வந்தால் அடுத்த பாறை. சமவெளியின் கண்ணுக்கு அவர்கள் வீடில்லாதவர்கள். அவர்கள் கண்ணுக்கு மலையே வீடு, பொடவுகள் அதன் அறைகள்.

விலகிப் போகும் கலை

அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1962-இல் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்து பளியர்களிடையே களப்பணி தொடங்கினார். பல ஆண்டுகள் அவர்களைப் பற்றியே எழுதினார். அவரை வியக்க வைத்தது அவர்களின் அமைதி. சண்டை மிக அரிது. ஒருவர் இன்னொருவர்மேல் அதிகாரம் செலுத்துவதை அவமதிப்பாகவே கருதினார்கள். போட்டி போடுவதைத் தவிர்த்தார்கள். தலைவன், தண்டனை, பஞ்சாயத்து எதுவும் பெரிதாக இல்லாமல் இந்த அமைதி எப்படிச் சாத்தியமானது?

விடை எளிமையானது. மனத்தாங்கல் வந்தால் ஒருவர் எழுந்து போய்விடுவார். அடுத்த சரிவில் வேறு உறவினரோடு சில நாள் தங்குவார். கோபம் ஆறும். கூட்டம் பிரியும், சேரும், மறுபடியும் பிரியும். நாம் நாடோடித்தனம் என்று நினைத்த நடமாட்டம், அவர்களுக்குக் காவல் நிலையமாகவும் நீதிமன்றமாகவும் வேலை செய்தது.

இப்போது அதே மக்களை வரிசையாகக் கட்டிய வீடுகளில் அடுத்தடுத்துக் குடிவைப்பதாக நினைத்துப் பாருங்கள். சுவர் கெட்டியாக இருக்கலாம். ஆனால் எழுந்து போகும் வழி அடைபட்டுவிடுகிறது. அடுத்த வீட்டோடு மனத்தாங்கல் வந்தால், முன்பு அரை நாள் நடையில் தீர்ந்தது இப்போது நாள்தோறும் வாசலில் நிற்கும். அப்படி ஒருவர் வீட்டைப் பூட்டிவிட்டு காட்டுக்குள் போனால், ‘வீடு கட்டிக் கொடுத்தாலும் இருக்க மாட்டேங்கிறாங்க’ என்ற பேச்சு எழும். அவர் வீட்டை வெறுத்துப் போகவில்லை. தனக்குத் தெரிந்த முறையில் சமாதானம் செய்துகொண்டிருக்கிறார். கார்ட்னர் கவனித்த இன்னொன்று, பளியர்கள் காட்டு வாழ்வையும் ஊர் வாழ்வையும் தேவைக்கேற்ப மாற்றி மாற்றி வாழும் திறன் பெற்றவர்கள் என்பது. அந்தக் கதவைத் திறந்துவைக்கும் குடியிருப்பே அவர்களிடம் நிலைக்க வாய்ப்புண்டு.

பாறையும் காங்கிரீட்டும்

அடுத்தது கூரை. பொடவில் படுத்தவருக்கு ஏன் கோடையிலும் குளிர்ச்சி? வெயில் பாறையின் மேற்புறத்தைச் சுட்டாலும், அந்தச் சூடு உள்ளே நகர்வது மிக மெதுவாக. நகர நகரத் தேய்ந்தும் போகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அரை மீட்டர் ஆழத்தில் பகலுக்கும் இரவுக்குமான வெப்ப வேறுபாடு இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சில மீட்டர் தடிமனுள்ள பாறைக்கு அடியில் சித்திரைக்கும் மார்கழிக்குமான வேறுபாடுகூட மங்கிவிடும். மின்சாரமே இல்லாத குளிர்சாதனம் அது.

புல் வேய்ந்த கூரையின் வித்தை வேறு. அதில் பாறையின் கனம் கிடையாது; ஆனால் புற்களுக்கு இடையே அகப்பட்ட காற்று வெப்பத்தை வழிமறிக்கும். பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறியும் விடும்.

காங்கிரீட் தளம் இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. நான்கைந்து அங்குலக் கனம் சூட்டைச் சேமிக்கப் போதும், தடுத்து நிறுத்தப் போதாது. பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தைச் சில மணி நேரம் தாமதமாக, ஆட்கள் வீடு திரும்பி உறங்கப் போகும் வேளையில், கீழே இறக்குகிறது. பகலில் வீட்டுக்குள்ளும் இரவில் வாசலிலுமாக மக்கள் படுப்பதற்குக் காரணம் பழக்கதோஷம் என்பதைவிட இயற்பியல் என்பதே பொருந்தும்.

இந்த உறக்கக் கேட்டை அளந்தும் இருக்கிறார்கள். சென்னையில் குறைந்த வருமானம் உள்ள 452 பேரின் தூக்கத்தைக் கைக்கடிகாரம் போன்ற கருவி மூலம் ஆராய்ந்த பொருளியலாளர்கள், 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் இரவில் சராசரியாக எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தார்கள். உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம். வெக்கை, கொசு, இரைச்சல் ஆகியவை மீதியைத் தின்றுவிட்டன. அவர்களுக்குக் கூரை இருந்தது. கூரை தரவேண்டிய ஓய்வு முழுதாகக் கிடைக்கவில்லை. வீடு என்ற சொல் ‘விடு’ என்ற வினை நீண்டு பிறந்தது. உடலை விடுவிக்காத கட்டடம் அந்தப் பெயருக்கு இன்னும் தகுதி பெறவில்லை.

காங்கிரீட்டுக்கு ஒரு நோயும் உண்டு. புதிய காங்கிரீட் கடும் காரத்தன்மை உடையது. அதனுள் இருக்கும் கம்பியின்மேல் அந்தக் காரம் ஒரு மெல்லிய காப்புத் தோலைப் போர்த்தி வைக்கும். ஆண்டுகள் போகப் போக, காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியே நுழைந்து காரத்தைக் குறைக்கிறது. மலையடிவாரத்தின் ஈரம் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் இல்லாததால் உள்ளிருந்து காங்கிரீட்டைத் தள்ளும். ஒருநாள் காரை பெயர்ந்து தலையில் விழும். கூரைப் புல் மக்கினால் குடியிருப்பவரே காட்டில் அறுத்துவந்து மாற்றுவார். தளம் பெயர்ந்தால் கொத்தனாரும் பணமும் வேண்டும். பராமரிக்கும் வழியைச் சேர்த்துக் கொடுக்காத வீடு, நாளடைவில் ஆளை வெளியே தள்ளிவிடும்.

குலுக்கலில் விழுந்த வீடு

1987-இல் அகமதாபாத்தில் ஒரு குலுக்கல் நடந்தது. குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த பெண் தொழிலாளர்களுக்கு நகரின் வெளிப்புறத்தில் மானிய விலை வீடுகள். கேட்டவர்கள் அதிகம், வீடுகள் குறைவு. ஆகவே சீட்டு எடுத்தார்கள். அறிவியலுக்கு இது ஒரு வரம். வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு வேறுபாடு இல்லை என்பதால், பிற்காலத்தில் காணும் மாற்றம் எதுவும் வீட்டால் வந்ததே.

14 ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அந்தப் பெண்களைத் தேடிப் போனார்கள். வென்றவர்களில் 34 சதவீதம் பேர் புதிய வீட்டில் குடியேறவே இல்லை. மேலும் 32 சதவீதம் பேர் குடியேறிப் பிறகு வெளியேறிவிட்டார்கள். தங்கியவர் மூன்றில் ஒருவரே. வீடுகள் மோசமாக இருந்ததாலா? பழைய குடிசையைவிட நல்ல வீடுகள்தான். ஆனால் அவை நகர மையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி இருந்தன. வருமானம் கூடவில்லை. நோய் வந்தால் கைமாற்றுக் கொடுக்கும் அக்கம்பக்கமும் சொந்தபந்தமும் தொலைவாகிவிட்டன. ஏழைக்கு அந்தக் கைமாற்றுதான் காப்பீடு. புது வீடு அதை ரத்து செய்துவிட்டது.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு, அதற்கு லோயர் கேம்ப் மலையோடு ஒரு பெயர்த்தொடர்பும் உண்டு. பளியன்குடியிலிருந்து காட்டுவழியே ஏறினால் மலை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில். சித்ரா பௌர்ணமியன்று மட்டுமே வழிபாடு. மதுரையில் கணவனை இழந்து, போக வீடின்றி மலையேறி வேங்கை மரத்தடியில் நின்றவளைக் கண்டவர்கள் குன்றக்குரவர்கள் என்கிறது சிலப்பதிகாரம். அந்தக் கண்ணகியின் பெயரில், சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்காக, 2000-ஆம் ஆண்டு முதல் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளோடு ஒரு குடியிருப்பு எழுந்தது. கண்ணகி நகர். வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் கூலி வேலைக்கும் போய்க்கொண்டிருந்த இடங்கள் திடீரென்று இரண்டு மூன்று பேருந்து தூரம் தள்ளிப்போயின. சதுர அடியில் ஆதாயம், நேரத்திலும் பிழைப்பிலும் நட்டம். பளியருக்குக் கிழங்கும் தேனும் எப்படியோ, அப்படியே நகர ஏழைக்குக் காலை ஆறு மணிக்குக் கூலிக்கு ஆள் எடுக்கும் தெருமுனை.

முதலில் சாவி

தெருவில் வாழ்பவருக்கு, அதிலும் மனநோயோ குடிப்பழக்கமோ உள்ளவருக்கு, எப்போது வீடு கொடுப்பது? ‘முதலில் குடியை விடட்டும், மருந்து சாப்பிடட்டும், காப்பகத்தில் ஒழுங்காக இருந்து காட்டட்டும். அப்புறம் வீடு’ என்பதுதான் நெடுங்காலம் உலக வழக்கம். படிக்கட்டு முறை. பெரும்பாலானோர் முதல் படியிலேயே வழுக்கினார்கள்.

1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்தப் படிக்கட்டைக் கவிழ்த்துப் போட்டார். நிபந்தனை இல்லாமல் முதலில் வீட்டுச் சாவி. பிறகு, கேட்கும்போது கேட்கும் அளவுக்கு உதவி. பைத்தியக்காரத்தனம் என்று தோன்றிய இந்த யோசனையைக் கனடா முறையாகச் சோதித்துப் பார்த்தது. 2009-இல் தொடங்கி ஐந்து நகரங்களில், மனநோயுடன் வீடற்றிருந்த சுமார் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், சாவி முதலில் கிடைத்தவர்களில் 62 சதவீதம் பேர் ஒருநாள்கூட வீட்டை இழக்காமல் இருந்தார்கள். வழக்கமான உதவி பெற்றவர்களில் அது 31 சதவீதம். சரியாகப் பாதி.

ஏன் இப்படி? ஒரு துப்பு தமிழ்நாட்டுக் கரும்பு வயல்களில் கிடைத்தது. கரும்பு விவசாயிக்குப் பணம் வருவது ஆண்டுக்கு ஒருமுறை. அறுவடைக்கு முன் கடன், பின் கையில் காசு. 464 விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே வகைப் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. அதே மனிதர் பணமுடை நேரத்தில் மந்தமாகவும், பணம் வந்தபின் கூர்மையாகவும் செயல்பட்டார். விளைவின் அளவு பற்றிப் பின்னாளில் விவாதங்கள் எழுந்தன என்றாலும் அடிப்படைக் கருத்து நம் அனுபவத்துக்குத் தெரிந்ததே: கவலை மூளையில் இடம் பிடித்துக்கொள்கிறது. இன்றிரவு எங்கே படுப்பது, செருப்பை யார் திருடுவார்கள், போலீஸ் எப்போது எழுப்பும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மனத்திடம் குடியை விடும் வைராக்கியத்தைக் கேட்பது, மூழ்குபவனிடம் முதலில் நீச்சல் சான்றிதழ் கேட்பதுபோல.

நம் ஊரில் இதற்கு நெருங்கிய முயற்சி சென்னையில் நடந்தது. 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பு, மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களை மீட்டுச் சிகிச்சை அளித்து வந்தது. குணமானவர்களில் பலர் குடும்பத்திடம் திரும்பினார்கள். திரும்ப இடமில்லாதவர்கள் காப்பகத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிப்போனார்கள். 2015-இல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற திட்டம் பிறந்தது. நான்கைந்து பேர் சேர்ந்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு, துணைக்கு உதவியாளர். என்ன சமைப்பது, எப்போது கடைக்குப் போவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். பல்லாண்டுகள் மணியடித்தால் சோறு என்று வாழ்ந்தவருக்கு, ‘இன்னைக்குக் குழம்பா ரசமா’ என்ற கேள்வியே ஒரு மருந்து.

விற்க முடியாத வீடு

சாவி கையில் இருந்தாலும், காலடி மண் யாருடையது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம், 2030-க்குள் 8 லட்சம் வீடுகளைக் கட்டும் இலக்கோடு, ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையைப் பயனாளி தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இது சொந்த மனைக்குப் பட்டா உள்ளவர்களுக்கான திட்டம். காட்டோரம் தலைமுறைகளாக வாழ்ந்தும் காகிதம் இல்லாதவர் முதல் படியிலேயே நின்றுவிடுவார்.

அதற்கு வழிசெய்யும் சட்டம் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் வசித்துவரும் பழங்குடியினரின் குடியிருப்பு உரிமையை அது ஏற்கிறது. அதில் அழகான ஒரு விதி உண்டு: திருமணமானவர் என்றால் உரிமை ஆவணம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கும், பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. வட்டிக்காரரோ ரிசார்ட்டுக்காரரோ ஏமாற்றி எழுதி வாங்க முடியாத வீடு. குடியிருப்பை நிலைக்க வைப்பது சிமெண்டைவிட இந்த ஒரு வரியாக இருக்கலாம்.

காகிதம் இல்லாமல் முகாம் எத்தனை காலம் முகாமாகவே இருக்கும் என்பதற்கு, பக்கத்து மாவட்டமே சாட்சி. 1983-க்குப் பிறகு வந்த இலங்கைத் தமிழர்கள் தமிழ்நாட்டின் முகாம்களில் சிறு அறைகளில் தலைமுறை கடந்தார்கள். 2021-இல் அரசு அவர்களுக்கு 7,469 புதிய வீடுகள் அறிவித்தது. 2022 செப்டம்பரில் திண்டுக்கல் அருகே தோட்டனூத்தில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. சுவர் வந்துவிட்டது. குடியுரிமை என்ற இன்னொரு ‘குடி’ அவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் வரவில்லை.

திறப்பு விழாவில் நாடா வெட்டுவது ஒருநாள் வேலை. அகமதாபாத்தின் பாடம், 14 ஆண்டுகள் கழித்துப் போய்க் கதவைத் தட்டியதால் கிடைத்தது. அத்தனை காலம் காத்திருக்கத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை போய், அடுப்பு எரிகிறதா, கூரை ஒழுகுகிறதா, பூட்டியிருந்தால் ஆள் எங்கே, எதற்காகப் போனார் என்று கேட்டு எழுதினால் போதும். கட்டிய வீடுகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் வீடுகளின் எண்ணிக்கையையும் அச்சிட வேண்டும்.

மாலையில் கம்பத்திலிருந்து திரும்பும் பேருந்து மலையடிவாரத்தில் நிற்கிறது. நடத்துநர் வழக்கம்போல ‘கேம்ப், கேம்ப்’ என்கிறார். அரிசிப் பையும் பள்ளிப் பையுமாகச் சிலர் இறங்குகிறார்கள். முகாமில் இறங்குகிறோம் என்ற நினைப்பு அவர்களில் யாருக்கும் இல்லை. இருட்டுவதற்குள் வீடு சேரவேண்டும் என்ற அவசரம் மட்டும்தான்.